21 நாள் கட்டுச்சோறு

நாமக்கல் பண்ணை முட்டை ஒன்றை எடுத்து, அடையில் உட்கார்ந்திருக்கும் நாட்டுக்கோழியின் அடியில் வைத்துப் பாருங்கள். கோழி அதையும் தன் முட்டையாகவே பாவித்து, 21 நாளும் புரட்டிப் புரட்டிச் சூடு கொடுக்கும். கடைசியில் மிஞ்சுவது கூமுட்டை. பண்ணைக் கூண்டுகளில் சேவல் கிடையாது. சேவல் சேராத முட்டையில் கரு பிடிக்காது. கரு பிடிக்காத முட்டைக்கு அடைச்சூட்டில் மூன்று வாரம் என்பது அழுகுவதற்கான அவகாசம் மட்டுமே. ஆகவே, கணக்கு வராத பையனைக் கூமுட்டை என்று திட்டுகிற வாத்தியார் காலையில் ஆம்லெட்டாகச் சாப்பிட்டுவிட்டு வந்ததும் அதே வகையறாதான். யாரும் அடையில் வைக்காததால் அதன் பெயர் கெடவில்லை, அவ்வளவே.

கோழிக்கு இந்த விவகாரமெல்லாம் தெரியாது. சேவல் இருந்தாலும் இல்லாவிட்டாலும், உள்ளே ஒரு குஞ்சு வளரப்போகிறது என்ற கணக்கிலேயே அது முட்டையைத் தயார் செய்கிறது. ஓடு மூடிய பிறகு வெளியிலிருந்து ஒரு பருக்கை உள்ளே போகாது, ஒரு சொட்டுத் தண்ணீர் போகாது. ஓட்டில் இருக்கும் ஆயிரக்கணக்கான நுண்துளைகள் வழியே காற்று மட்டும் வந்துபோகும். கண், அலகு, இறகு, குடல் எல்லாவற்றுக்கும் வேண்டிய சரக்கு முதல் நாளே உள்ளே இருந்தாக வேண்டும். எலும்புக்கு வேண்டிய சுண்ணாம்பைக்கூடக் குஞ்சு ஓட்டிலிருந்துதான் கரைத்து எடுத்துக்கொள்கிறது. முட்டை என்பது 21 நாள் பயணத்துக்குக் கட்டிய கட்டுச்சோறு. அது நமக்காகக் கட்டப்பட்டதல்ல என்பதை நினைவில் வைத்துக்கொண்டால், அடுப்பில் அது காட்டும் வித்தைகளும், மருத்துவர்கள் அதன்மேல் போட்ட வழக்கும், நம் பேச்சில் அது வாங்கிய வசவும் ஓரளவு புரிய ஆரம்பிக்கும்.

ஓட்டை நீக்கினால் ஒரு முட்டையில் ஏறக்குறைய 50 கிராம் தேறும். மூன்றில் இரண்டு பங்கு வெள்ளைக்கரு, மிச்சம் மஞ்சள்கரு. வெள்ளைக்கருவில் பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர், ஒரு பங்கு புரதம். கொழுப்பு அனேகமாக இல்லை. பார்வைக்கு வெறும் வழவழப்பு. ஆனால் துளை வழியே நுழையும் பாக்டீரியா, சத்து நிறைந்த மஞ்சள்கருவை எட்ட வேண்டுமானால் இந்த வழவழப்பைக் கடந்தாக வேண்டும். அங்கே ஓவோடிரான்ஸ்ஃபெரின் என்ற புரதம் இரும்பைக் கவ்வி வைத்திருக்கிறது. இரும்பு கிடைக்காத பாக்டீரியா பெருகுவது கடினம். அவிடின் என்ற இன்னொரு புரதம் பயோட்டின் வைட்டமினைப் பிடித்தால் விடுவதில்லை. லைசோசைம் பாக்டீரியாவின் சுவரையே அறுத்துவிடுகிறது. போதாததற்கு, முட்டை வெளியே வந்த சில நாட்களில் வெள்ளைக்கருவில் கரைந்திருந்த கரியமில வாயு துளைகள் வழியே வெளியேற, அதன் பி.எச். அளவு 7.6 அளவிலிருந்து 9-ஐத் தாண்டிவிடுகிறது. அந்தக் காரத்தில் பல கிருமிகளுக்குப் பிழைப்பில்லை.

லைசோசைமுக்குத் தனிப் பெருமை உண்டு. பெனிசிலினைக் கண்டறிவதற்குச் சில ஆண்டுகள் முன்பு, 1922-இல், அலெக்சாண்டர் ஃப்ளெமிங் அதை மூக்குச் சளியில் கண்டு எழுதினார். கண்ணீரிலும் எச்சிலிலும்கூட அது இருக்கிறது. ஆனால் ஆராய்ச்சிக்கு அள்ள அள்ளக் கிடைத்தது கோழி முட்டையில். 1965-இல் லண்டன் ராயல் இன்ஸ்டிட்யூஷனில் டேவிட் ஃபிலிப்ஸ் குழு எக்ஸ் கதிர்களைக் கொண்டு அதன் முப்பரிமாண வடிவத்தைக் கண்டறிந்தது. உலகில் முதன்முதலாக வடிவம் தெரிந்த நொதி அதுதான்.

பச்சை முட்டையை உடைத்து அப்படியே வாயில் ஊற்றிக்கொண்டால் பலம் என்ற நம்பிக்கை உடற்பயிற்சிக் கூடங்களில் இன்னும் உயிரோடு இருக்கிறது. இது எனக்கு எப்போதும் வியப்புத்தான். காவலுக்கு வைத்த சரக்கைக் காவல் விலகாத நிலையில் விழுங்குகிற வேலை அது. வேகவைக்காத வெள்ளைக்கருவையே பிரதான உணவாகக் கொடுத்து வளர்த்த எலிகளுக்கு ரோமம் உதிர்ந்து தோல் புண்ணானது 1920-களிலேயே தெரியும். அவிடின், குடலிலிருந்த பயோட்டினைச் சிறைபிடித்ததே காரணம். மனிதருக்கு அந்த நிலை வர நாள்தவறாமல் பல வெள்ளைக்கருக்கள் உள்ளே போக வேண்டும் என்பது வேறு விஷயம். ஆனால் பலத்தின் கணக்கே இடிக்கிறது. 1998-இல் பெல்ஜிய ஆய்வாளர்கள் அளந்து பார்த்தபோது, வெந்த முட்டையின் புரதத்தில் 91 சதவீதம் செரித்தது. பச்சை முட்டையில் 51 சதவீதம்தான். நெருப்புக்கு முன்னால் அந்தக் காவல் புரதங்கள் நிற்பதில்லை.

நெருப்பில் என்ன நடக்கிறது? வெள்ளைக்கருவின் புரதங்கள் ஒவ்வொன்றும் தனித்தனிச் சுருளாகத் தண்ணீரில் மிதக்கின்றன. சூடு ஏற ஏறச் சுருள் அவிழ்கிறது. அவிழ்ந்தவை ஒன்றோடொன்று பின்னி வலையாகின்றன. தண்ணீர் அத்தனையும் அந்த வலைக்குள்ளேயே சிக்கிக்கொள்கிறது. ஆவியாகிப் போனது கொஞ்சம்தான். அதனால்தான் ஓடுகிற திரவம் கண்ணெதிரே கெட்டியாகிறது. ஆனால் எல்லாப் புரதமும் ஒரே சூட்டில் அவிழ்வதில்லை. ஓவோடிரான்ஸ்ஃபெரின் 60 டிகிரி செல்சியஸைத் தாண்டியதுமே இறுக ஆரம்பிக்கிறது. வெள்ளைக்கருவின் புரதத்தில் பாதிக்கு மேல் இருக்கும் ஓவல்புமினோ 80 டிகிரி நெருங்கினால்தான் மசியும். மஞ்சள்கரு இரண்டுக்கும் நடுவில், 65-இல் தடித்து 70 வாக்கில் நிற்கும்.

ஜப்பானில் வெந்நீர் ஊற்றுகளில் முட்டையை ஓட்டோடு போட்டு வைப்பார்கள். ஊற்றுத் தண்ணீர் 70 டிகிரியைத் தாண்டாத இடமாகப் பார்த்துப் போட்டால், மஞ்சள்கரு கெட்டிப்பட்டும் வெள்ளைக்கரு தளதளவென்றும் வரும். நம் ஆஃப்பாயிலுக்கு நேர் எதிர். நம் தோசைக்கல்லில் சூடு அடியிலிருந்து பாய்கிறது. கல்லைத் தொட்டுக்கொண்டிருக்கும் வெள்ளை 80-ஐத் தாண்டிவிட, மேலே மேடாக நிற்கும் மஞ்சளுக்கு 65 வருவதற்குள் மாஸ்டர் எடுத்துவிடுகிறார். இரண்டையும் அதனதன் சூட்டில் வேகவைக்க முடியாதா என்று இத்தாலியில் நேப்பிள்ஸ் பல்கலைக்கழகப் பொறியாளர்கள் யோசித்து, 2025-இல் ஒரு வழி சொன்னார்கள். கொதிக்கும் நீரில் 2 நிமிடம், 30 டிகிரி நீரில் 2 நிமிடம் என்று மாற்றி மாற்றி 32 நிமிடம். முட்டை பிரமாதமாக வருமாம். அரை மணி நேரம் அடுப்படியில் நின்று முட்டையைப் பாத்திரம் மாற்றிக்கொண்டிருக்க நம் வீடுகளில் யாருக்குப் பொறுமை இருக்கிறது என்பதுதான் கேள்வி.

கொங்குப் பக்கத்துப் புரோட்டாக் கடைகளில் கிடைக்கும் கலக்கி, பொறியாளர் யாரும் இல்லாமலே அந்தப் பதத்தைப் பிடித்த பண்டம். முட்டையோடு உப்பு, மிளகுத்தூள், கொஞ்சம் சால்னா விட்டு அடித்து, கல்லில் ஊற்றி, வெந்தும் வேகாததுமாக இருக்கும்போதே சுருட்டி எடுத்துவிடுவார்கள். சால்னாவின் தண்ணீரும் எண்ணெயும் புரதங்களை ஒன்றிலிருந்து ஒன்று விலக்கி வைக்கின்றன. வலை பின்னுவதற்குக் கூடுதல் சூடு வேண்டியிருக்கிறது. பின்னினாலும் நெருக்கம் குறைவு. அதனால் வாயில் வைத்தால் வழுக்கிக்கொண்டு போகிறது. இலங்கை முஸ்லிம் வீடுகளில் பெருநாளுக்குச் செய்யும் வட்டிலப்பம் இதே வித்தையை இனிப்பில் செய்கிறது. தேங்காய்ப்பாலும் கருப்பட்டியும் முட்டையை அவ்வளவு தூரம் நீர்க்க வைக்கின்றன. சர்க்கரை வேறு புரதத்தின் சுருள் எளிதில் அவிழாதபடி காக்கிறது. ஆவியில் நிதானமாக வைத்தால் பட்டுப்போல் நிற்கும். அவசரப்பட்டுத் தீயைக் கூட்டினால் வலை இறுகி, உள்ளிருந்த தண்ணீரைப் பிழிந்து வெளியே தள்ளிவிடும். பிறகு கிண்ணத்தில் ஓட்டை ஓட்டையாக ஒன்றும் அதைச் சுற்றித் தண்ணீரும் கிடக்கும்.

முட்டையை உடைத்து ஊற்றிய குழம்பில் வேலை செய்வது புளி. வெள்ளைக்கருப் புரதங்கள் பெரும்பாலும் எதிர்மின் சுமை கொண்டவை, அதனால் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டிருக்கும். புளிப்பு அந்தச் சுமையைக் குறைக்கிறது, உப்பு அதை மறைக்கிறது. தள்ளுமுள்ளு ஓய்ந்ததும் புரதங்கள் சட்டென்று கூடிவிடுகின்றன. கொதிக்கும் புளிக்குழம்பில் விழுந்த முட்டை விரிந்து ஓடாமல் விழுந்த இடத்திலேயே திரண்டுகொள்வது இதனால்தான். கரண்டி போடாதே என்று வீட்டில் சொல்வது அந்த முதல் நிமிடத்துக்காக.

கல்யாணப் பிரியாணியில் வைத்த முட்டையை இரண்டாகப் பிளந்தால் மஞ்சளைச் சுற்றி ஒரு பச்சை வளையம் தெரியும். கெட்டுப்போனது என்று ஒதுக்குகிறவர்கள் உண்டு. கெடவில்லை. குஞ்சின் ரத்தத்துக்காக மஞ்சள்கருவில் இரும்பு வைக்கப்பட்டிருக்கிறது. வெள்ளைக்கருவின் புரதத்தில் கந்தகம் இருக்கிறது. நெடுநேரம் கொதித்தால் கந்தகம் வாயுவாகப் பிரிந்து உள்நோக்கிப் போய், எல்லையில் இரும்பைச் சந்தித்து இரும்பு சல்ஃபைடாகப் படிகிறது. வெந்ததும் பச்சைத் தண்ணீரில் போட்டுவிட்டால் வளையம் வராது. ஓடு உரியாமல் சதையோடு பிய்த்துக்கொண்டு வருவதற்கும் மேலே சொன்ன பி.எச். கணக்குத்தான் காரணம். அன்றே இட்ட முட்டையில் காரம் ஏறியிருக்காது, வெள்ளைக்கரு உட்சவ்வை விடாது. அவிப்பதற்கு ஒரு வாரப் பழைய முட்டையே நல்லது. புதிதா பழையதா என்று தெரிய, தண்ணீரில் போட்டுப் பார்க்கிற பாட்டிகளின் சோதனையும் சரியானதுதான். துளை வழியே ஈரம் வெளியேற வெளியேற, மழுங்கிய முனையில் காற்றறை பெருக்கிறது. பழைய முட்டை நிமிர்ந்து நிற்கும், மிகப் பழையது மிதக்கும்.

மஞ்சள்கருவுக்கு வருவோம். கொழுப்பையும் தண்ணீரையும் ஒன்றாகக் கட்டிவைக்க வேண்டிய கட்டாயம் அதற்கு. குஞ்சின் ஆற்றல் கொழுப்பில் இருக்கிறது, குஞ்சு வளர்வதோ நீரில். இரண்டையும் சேர்த்துப் பிடிக்க லெசிதின் என்ற பொருள் அங்கே தாராளமாக இருக்கிறது. ஒரு தலை எண்ணெயை நாடும், மறு தலை தண்ணீரை நாடும். இதை வைத்துத்தான் ஒரு மஞ்சள்கரு ஒரு கிண்ணம் எண்ணெயைக் குழைத்து மயோனைஸ் ஆக்குகிறது. ஷவர்மாவோடும் கிரில் சிக்கனோடும் அது நம் ஊருக்கு வந்து சேர்ந்தது. 2025 ஏப்ரல் 8 முதல் ஓராண்டுக்குப் பச்சை முட்டை மயோனைஸைத் தமிழ்நாடு அரசு தடை செய்தது. கேரளம் 2023-லேயே செய்திருந்தது.

தடைக்குக் காரணம் சால்மோனெல்லா. ஓட்டின்மேல் ஒட்டியிருக்கும் எச்சத்தில் அது இருக்கலாம் என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் சால்மோனெல்லா என்டரிடிடிஸ் என்ற வகை கோழியின் சூலகத்திலேயே குடியேறிவிடும். ஓடு மூடும் முன்பே உள்ளே போய்விடுகிறது. கட்டுச்சோற்றில் எலியை வைத்துக் கட்டியதுபோல என்பார்களே, அச்சுப் பிசகாமல் அதேதான். வெளியே எவ்வளவு கழுவினாலும் பயன் இல்லை. மஞ்சள் கெட்டிப்படும்வரை வேகவைத்தால் பயம் இல்லை. ஆஃப்பாயில் பிரியர்கள் இதைப் படித்துவிட்டு என்மேல் கோபப்படலாம். அவர்கள் ஆரோக்கியமான பெரியவர்களாக இருந்தால் அது அவர்கள் பாடு. கர்ப்பிணிகளுக்கும் குழந்தைகளுக்கும் முதியவர்களுக்கும் ஆஃப்பாயில் வேண்டாம். கழுவுவதைப் பற்றி இன்னொன்று. ஓட்டின்மேல் துளைகளை அடைக்கும் மெல்லிய பூச்சு உண்டு. அமெரிக்காவில் முட்டையைக் கழுவி அந்தப் பூச்சை நீக்கிவிடுவதால் குளிர்ப்பெட்டியில் வைத்தே ஆக வேண்டும். ஐரோப்பாவில் பெரும்பாலும் கழுவவே கூடாது. வீட்டில் வாங்கி வந்ததும் கழுவி அடுக்காமல், உடைக்கப் போகும்போது கழுவுவதே நல்லது.

இனி அந்த வழக்கு. ஒரு பெரிய முட்டையின் மஞ்சள்கருவில் ஏறக்குறைய 186 மில்லிகிராம் கொலஸ்டிரால் இருக்கிறது. காரணம் எளிது. குஞ்சு மூன்று வாரத்தில் கோடானுகோடி உயிரணுக்களைக் கட்ட வேண்டும். ஒவ்வோர் உயிரணுவின் சவ்வுக்கும் கொலஸ்டிரால் தேவை. 1913-இல் ரஷ்யாவில் நிக்கொலாய் அனிச்கோவ், முயல்களுக்குக் கொலஸ்டிராலை எண்ணெயில் கரைத்து ஊட்டினார். முயல்களின் ரத்தக்குழாய்களில் கொழுப்புப் படிந்தது. மாபெரும் கண்டுபிடிப்பு, சந்தேகமில்லை. ஆனால் முயல் இலை தழை தின்னும் பிராணி. உணவில் வரும் கொலஸ்டிராலைச் சமாளிக்க அதன் உடம்புக்குப் பழக்கமில்லை. எலியிலும் நாயிலும் அதே சோதனை அப்படி எளிதில் பலிக்கவில்லை.

மனிதனின் கல்லீரல் வேறு விதம். உடம்புக்கு வேண்டிய கொலஸ்டிராலில் பெரும்பகுதியை அதுவே தயாரிக்கிறது. சாப்பாட்டில் கூடினால் பெரும்பாலோருக்கு அது உற்பத்தியைக் குறைத்துக்கொள்ளும். இருந்தும் 1968-இல் அமெரிக்க இதய சங்கம் வாரத்துக்கு மூன்று மஞ்சள்கருவுக்கு மேல் வேண்டாம் என்றது. ஒரு தலைமுறை முழுக்க மஞ்சளைத் தோண்டி எறிந்தது. 1991-இல் ஒரு மருத்துவ இதழில் விநோதமான கட்டுரை வந்தது. நாளுக்கு 25 முட்டை வீதம் பல ஆண்டுகளாகச் சாப்பிட்டுவந்த 88 வயதுக்காரர் ஒருவரின் ரத்தக் கொலஸ்டிரால் சாதாரணமாக இருந்ததாம். உள்ளே போனதில் சிறு பங்கை மட்டுமே அவர் குடல் ஏற்றது. இது ஒரு தனி மனிதரின் கதை, யாரும் பின்பற்றுவதற்கல்ல. ஆனால் முட்டையிலிருந்து ரத்தத்துக்கு நேர்வழி கிடையாது என்று காட்டப் போதும். 2015-ஆம் ஆண்டின் அமெரிக்க உணவு வழிகாட்டல், நாளுக்கு 300 மில்லிகிராம் என்ற பழைய வரம்பைக் கைவிட்டது.

அதோடு முடிந்ததா என்றால் இல்லை. 2019-இல் வந்த பெரிய ஆய்வு ஒன்று முட்டை கூடக்கூட இதயநோய் கூடுவதாகச் சொன்னது. 2020-இல் வந்த இன்னொன்று, நாளுக்கு ஒன்றுவரை தொடர்பே இல்லை என்றது. இவையெல்லாம் மக்கள் என்ன சாப்பிட்டார்கள் என்று கேட்டு எழுதி, பல ஆண்டு கழித்து யாருக்கு என்ன ஆனது என்று பார்க்கும் ஆய்வுகள். முட்டையை யாரும் தனியாகச் சாப்பிடுவதில்லை. அங்கே பன்றி இறைச்சியும் வெண்ணெயும் கூட வருகின்றன, இங்கே புரோட்டாவும் டால்டாவும். பழியை யார்மேல் போடுவது? ஆரோக்கியமான ஒருவருக்கு நாளுக்கு ஒரு முழு முட்டை என்பது அச்சப்பட வேண்டியதல்ல என்பதே என் வாசிப்பு. சர்க்கரை நோயாளிகளுக்கு மட்டும் சில ஆய்வுகள் கூடுதல் ஆபத்தைக் காட்டியிருக்கின்றன. அவர்களும், பரம்பரையாகக் கொலஸ்டிரால் ஏறும் குடும்பத்தினரும் மருத்துவரைக் கேட்டே எண்ணிக்கையை முடிவு செய்ய வேண்டும். மற்றவர்கள் மஞ்சளை எறிந்தால் ஏ, டி, பி12 வைட்டமின்களையும் கோலினையும் சேர்த்தே எறிகிறார்கள். பழுப்பு ஓட்டுக்கு அதிக விலை கொடுப்பதிலும் சத்து ஒன்றும் கூடுவதில்லை. ஓட்டின் நிறம் கோழியின் இனத்தைப் பொறுத்தது, மஞ்சளின் நிறம் அது தின்ற தீவனத்தைப் பொறுத்தது.

குழந்தைகளைப் பொறுத்தவரை இந்த வழக்குக்கே இடமில்லை. ஒரு முட்டையில் 6 கிராம் புரதம், அதுவும் வளரும் உடம்புக்கு வேண்டிய அமினோ அமிலங்கள் அத்தனையும் சரியான விகிதத்தில். வளரும் உடம்புக்காகவே கட்டப்பட்டதாயிற்றே. தமிழ்நாட்டுச் சத்துணவுத் திட்டத்தில் 1989-இல் முட்டை நுழைந்தது. 2010 முதல் வாரம் ஐந்து நாளும் தட்டில் இருக்கிறது. முட்டை சாப்பிடாத பிள்ளைகளுக்கு வாழைப்பழம். கரு பிடிக்காத முட்டை சைவமா என்ற வாதத்தில் நான் நுழையவில்லை. காந்தி நுழைந்தார். 1942-இல் ஆகா கான் மாளிகைச் சிறையில் ஆரோக்கியம் பற்றி எழுதியபோது, பால் குடிப்பவர் இத்தகைய முட்டையை மறுக்கக் காரணமில்லை என்ற கருத்தையே அவர் சொன்னார்.

இனி நம் பேச்சில் அது வாங்கிய வசவு. பரீட்சைத் தாளில் வாத்தியார் போடும் முட்டையும், கிரிக்கெட்டில் வாத்து முட்டையிலிருந்து வந்த டக்கும் ஒரே பூஜ்ஜியம்தான். கண்டிப்பாகப் பார்த்தால் கோழி முட்டை நல்ல பூஜ்ஜியம் அல்ல, ஒரு முனை கூர்த்திருக்கிறது. ஏறத்தாழ 1,400 பறவை இனங்களின் முட்டைகளை அளந்து 2017-இல் வெளியான ஆய்வு, நன்றாகப் பறக்கும் இனங்களின் முட்டை நீண்டோ கூர்த்தோ இருக்கும் போக்கைக் கண்டது. உருண்டைப் பூஜ்ஜியம் வேண்டுமென்றால் ஆந்தையிடம்தான் போக வேண்டும்.

ஆமை ஆயிரம் முட்டையிட்டுவிட்டு அமைதியாகப் போகும், கோழி ஒன்றை இட்டுவிட்டு ஊரைக் கூட்டும் என்று கோழியைக் கேலி செய்கிறோம். ஆயிரம் என்பது கொஞ்சம் மிகை. சென்னைக் கடற்கரைக்கு ஜனவரி முதல் வந்து போகும் பங்குனி ஆமை ஒரு குழியில் நூறு முட்டை வாக்கில் இடும். மணலை மூடிவிட்டுக் கடலுக்குத் திரும்பினால் குஞ்சுகளை அது பார்க்கப்போவதில்லை. சத்தம் போட்டு அதற்கு ஆகவேண்டியது எதுவும் இல்லை. கோழியின் மூதாதையான காட்டுக்கோழி கூட்டமாக வாழ்கிறது, முட்டையிட மட்டும் ஒதுங்கிப் போகிறது. இட்டு முடித்ததும் போடும் கொக்கரிப்பு, சேவலுக்கும் கூட்டத்துக்கும் தான் இருக்கும் இடத்தைத் தெரிவிக்கும் குரல் என்பது ஒரு விளக்கம். தற்பெருமைக் குற்றச்சாட்டு நிற்காது.

முட்டையிடுகிற கோழிக்குத்தான் வலி தெரியும் என்ற பழமொழி, வலிக்கும் இடத்தையும் பேர் சொல்லியே குறிப்பிடும். அச்சில் அதை விட்டுவிடுகிறேன். ஆனால் அந்த இடம் தவறு. வலி எலும்பில். ஓர் ஓட்டுக்கு 2 கிராம் கால்சியம் வேண்டும். கோழியின் எலும்புக்கூடு முழுவதிலும் இருப்பதே 20 கிராம் அளவுதான். ஓடு படிய ஏறக்குறைய 20 மணி நேரம் ஆகிறது, அதில் பெரும்பகுதி கோழி தீவனம் தொடாத இரவில். அப்போது அது தன் கால் எலும்புக்குள் சேர்த்துவைத்திருக்கும் ஒரு தனி எலும்புத் திசுவைக் கரைத்து ஓட்டுக்கு அனுப்புகிறது. முட்டையிடும் பருவத்துப் பெட்டைகளுக்கு மட்டுமே உருவாகும் திசு அது. 2005-இல் ஒரு டைனோசரின் தொடை எலும்பில் அதையே கண்டு, அது பெட்டை டிரனோசாரஸ் என்று மேரி ஷ்வைட்சர் அறிவித்தார். காட்டுக்கோழி ஆண்டுக்குப் பத்துப் பதினைந்து முட்டை இட்டு நிறுத்திக்கொள்ளும். பண்ணைக் கோழி 300-ஐத் தாண்டுகிறது, அதாவது ஓராண்டில் தன் எலும்புக்கூட்டைப்போல் முப்பது மடங்கு கால்சியம் வெளியே போகிறது. வயதான பண்ணைக் கோழியைத் தூக்கும்போது எலும்பு முறிவது இதனால்தான். கிளிஞ்சல் துண்டையும் சுண்ணாம்புக்கல் குறுணையையும் மாவாக்காமல் பெரிதாகவே, அதுவும் சாயங்காலத் தீவனத்தில் கொடுப்பது நல்லது என்பது இதையொட்டி வந்த வழக்கம். குறுணை பெரிதாக இருந்தால் இரைப்பையில் தங்கி, விடியும்வரை மெதுவாகக் கரைந்துகொண்டிருக்கும்.